கிணற்றுக்குக் கம்பி போட்ட வருஷம்

என் பெயர் மாஃபி. மன்னிப்பு என்று அர்த்தம்.
மூன்றாவதும் பெண் என்றதும்
அப்பா அதை யாரிடம் கேட்டாரோ.
எனக்கு அடுத்து வந்தவள் தாப்பு:
வயிறு நிறைந்தது, போதும்.
அந்தப் போதும்தான் இன்று
சிவப்பு லெஹரியா மினுங்க
தலையில் கௌரியைச் சுமந்து நடக்கிறாள்.

கல்யாணமாகி வரும் முதல் கண்கௌர்.
ஹோலிச் சாம்பலைப் பிசைந்து உருட்டிய நாளிலிருந்து
பதினாறு காலை
சட்டியில் கோதுமைக்குத் தண்ணீர் தெளித்தாள்.
முளை விரற்கடை வளர்ந்தால்
படம் எடுத்து மங்களூருக்கு அனுப்புவாள்.
டைல்ஸ் ஒட்டப் போனவன்
கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்புவான்.

கௌரிக்கு மூக்கு கொஞ்சம் கோணல்.
தாப்பு பிடித்தால் அப்படித்தான் வரும்.
ஈசருக்கு மீசை நேர்த்தி;
அவர் கடையில் வாங்கியவர்.

நான் ஊர்வலத்தின் வாலில்,
கிணற்றடியில் என்றால் செருப்புகளின் பக்கத்தில்.
மூன்று வருஷமாக அதுதான் என் இடம்.
பொட்டழிந்தவள் தொட்டால் ஆகாதாம்.
பார்ப்பதற்குத் தடையில்லை,
பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஒட்டக வண்டியும் பால் வேனும் ஒதுங்கி வழிவிட
நாலு மினார் கிணற்றுக்கு வந்தோம்.
பாட்டு நின்றது.

கிணற்று வாயில் இரும்புக் கம்பி.
பச்சை பெயின்ட் இன்னும் விரலில் ஒட்டுகிறது.
போன குளிரில் விமலேஷ் குதித்த பிறகு
பஞ்சாயத்து போட்டது.
கை போகும்.
கௌரி போகமாட்டாள்.

சாவி யாரிடம்? செயலாளரிடம்.
செயலாளர்? ரத்தன்கட்டில், போனை அணைத்துவிட்டு.

விமலேஷ் பெயரை ஒருத்தியும் எடுக்கவில்லை.
மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் அடியில்
நின்ற பாட்டு
அங்கேயே நின்றிருந்தது.

உடைத்துப் போட்டுவிடலாம் என்றது ஒரு குரல்.
எந்தக் கையை முதலில், என்று கேட்டாள் தாப்பு.
பிறகு தரையில் உட்கார்ந்தாள்.
கம்பிமேல் கௌரியைக் கிடத்தி
லோட்டாவைச் சாய்த்தாள்.

சுடாத மண்தானே.
பாதம் முதலில் போயிற்று,
பழுப்பு நூல் நூலாக இருட்டுக்குள்.
ஜரிகைத்தாள் பாவாடை ஊறிச் சரிந்தது.
இடுப்பு கொஞ்சம் பிடிவாதம்.
பெண்கள் வந்தார்கள், ஊற்றினார்கள்,
கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி
கழுத்துக்கடியில் கை கொடுத்து.

தோள் வரைக்கும் கரைந்தபோது குடங்கள் காலி.

அடிபம்பு என் பக்கத்தில் இருந்தது.
யாரும் கூப்பிடவில்லை.
செருப்புகளை ஒதுக்கிவிட்டு அடித்தேன்.
ஏழெட்டு வறட்டு இருமல், பிறகு தண்ணீர்.
ஒரு குடம் வந்தது, நிறைந்தது, போனது.
இன்னொன்று.
யார் குடமென்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.
யார் அடிப்பதென்று அவர்களும்.

கோணல் மூக்குதான் கடைசிவரை கிடந்தது.
தாப்பு அதைக் கட்டைவிரலால் தேய்த்து அனுப்பினாள்.
குனிந்து உள்ளே ஏதோ சொன்னாள்,
கௌரியிடமோ விமலேஷிடமோ.
பம்பு சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

அப்போதுதான் பைக் வந்து நின்றது.
சாவியை ஆட்டியபடி செயலாளர்
மாஃபி, மாஃபி, என்றார்.
என்னைத்தான் என்று திரும்பிவிட்டேன்.

பூட்டைத் திறந்து
ஈசரை முழுசாகப் போட்டார்கள், மீசையோடு.
ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி
மறந்தே போன பிறகு
எங்கோ அடியில் தொப்பென்றது.

கூட்டம் செருப்பு தேடத் தொடங்கியது.
தாப்பு குழாயடிக்கு வந்து கைகளை நீட்டினாள்.
நகக்கண்ணில் இன்னும் கௌரி.
அடித்தேன்.
அடித்துக்கொண்டே இருந்தேன்.
போதும் என்று
அவள் சொல்லவில்லை.